மொட்டை மாடி மரவேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் மரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தச்சு எனக்குப் பிழைப்பு இல்லை. பக்கத்துத் தெரு ஆசாரி ஒருவரின் பட்டறையில் உட்கார்ந்து பார்த்ததும், அவரிடம் வாங்கிய திட்டும், நான் கெடுத்த பலகைகளும்தான் என் படிப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். முக்கால்வாசிப் பேர் “எந்த மெஷின் வாங்கலாம்?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் மரத்தைப் பற்றியும் உளியின் கூரைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆரம்பிக்க என்னென்ன கருவிகள் வேண்டும்?

ஒரு கைரம்பம், ½ அங்குலத்திலும் 1 அங்குலத்திலுமாக இரண்டு உளி, ஒரு இழைப்புளி, ஒரு மூலைமட்டம், டேப், சுத்தியல், கூர் தீட்ட ஒரு கல். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். நான்கு இருந்தால் நிம்மதி. இவற்றோடு சாதாரண மின் டிரில் ஒன்று சேர்ந்தால் முதல் இரண்டு வருடத்துக்குப் போதும்.

மூலைமட்டத்தை மட்டும் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. கோடுகள் விரிந்தால் அதை வைத்துச் செய்யும் ஸ்டூல் ஆயுசுக்கும் ஆடும்.

டேப்பில் இரண்டு பக்க அளவும் இருக்கட்டும். மரக்கடையில் இன்னும் அடி, அங்குலம், நூல்தான் பேச்சு. அங்குலத்துக்கு 8 நூல். அதாவது ஒரு நூல் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். “ஆறு நூல் பலகை” என்றால் முக்கால் அங்குலம். பிளைவுட் கடைக்குப் போனால் எல்லாம் மில்லிமீட்டர் ஆகிவிடும்.

மின்கருவிகளில் முதலில் எதை வாங்கலாம்?

டிரில். அதற்கடுத்து ஜிக்சா, அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் சின்ன மின்ரம்பம். வளைவும் வெட்டலாம், நேராகவும் ஒப்பேற்றலாம், விரல் போகும் ஆபத்தும் ஒப்பிடும்போது குறைவு. பள்ளம் வெட்டும் ரூட்டர், மேசையில் பொருத்திய வட்ட ரம்பமான டேபிள் சா எல்லாம் வேலை கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

எதை வாங்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டாதீர்கள். எத்தனையோ பட்டறைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள், வீடியோக்களில் இன்னும் அதிகமாக. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அது தேய்க்கவும் இரும்பு வெட்டவும் செய்த கருவி. மரத்தில் பல் சிக்கினால் உதறிக்கொண்டு நம் பக்கமே வரும். பிடித்து நிறுத்த அடித்தட்டும் கிடையாது, பிளேடை மூடும் கவசமும் சரியாக அமையாது. மார்பிள் கட்டரில் மர பிளேடு போட்டு அறுப்பதும் நம் ஊரில் சகஜம். அதில் அடித்தட்டாவது உண்டு. ஆனால் கல் வெட்டும் வேகத்தில் ஓடும் இயந்திரம் அது. பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் பல்லே தெறிக்கலாம். முடிந்தவரை மரத்துக்கென்றே செய்த சர்குலர் சா (கையில் பிடிக்கும் வட்ட மின்ரம்பம்) வாங்குங்கள். அதற்குக் காசு இல்லையென்றால் கைரம்பம் இருக்கிறது, கையும் இருக்கும்.

உடைக்கு ஒரு வார்த்தை: லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் கயிறு, முழுக்கைச் சட்டை எதுவும் சுற்றும் கருவிக்குப் பக்கத்தில் வேண்டாம். கையுறையும்தான். அது பாதுகாப்பு என்று நினைப்போம். சுற்றும் பிட்டில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

முதலில் என்ன செய்து பார்க்கலாம்?

மணை. உட்காரும் மணைப்பலகை. 18 அங்குல நீளம், 10 அங்குல அகலத்தில் ஒரு பலகை. அடியில் குறுக்காக இரண்டு சட்டம். இதைவிட எளிய சாமான் வீட்டில் கிடையாது. மரத்தைப் பற்றி இதைவிட அதிகம் சொல்லித்தரும் சாமானும் கிடையாது.

என் முதல் மணை கார்த்திகை அடைமழையில் செய்தது. மாமரப் பலகை. அடிச்சட்டங்களுக்கு ஃபெவிகாலை வாரிப் பூசி, போதாதென்று ஒவ்வொன்றிலும் ஐந்து ஸ்க்ரூ. யானை ஏறினாலும் தாங்கும் என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். அக்னி நட்சத்திரத்தில் ஒரு ராத்திரி சமையலறையில் ‘டப்’பென்று ஒரு சத்தம். பாத்திரம் விழுந்தது என்று நினைத்துப் படுத்துவிட்டோம். காலையில் அம்மா மணையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “இந்தப் பக்கம் பார்த்தா அந்தப் பக்கம் தெரியுதேடா” என்றார். நடுவில் தலைமுதல் கால்வரை ஒரு பிளவு.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஆசாரி பிளவைப் பார்க்கவேயில்லை. திருப்பிப் போட்டு அடிச்சட்டத்தைப் பார்த்தார். “கையைக் காலைக் கட்டிப் போட்டா மரம் என்ன பண்ணும்?” என்றார்.

விஷயம் இதுதான். அறுத்துக் காயவைத்த பிறகும் மரம் காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கி வீங்கும், விட்டுச் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில் தெரியும்: 10 அங்குலப் பலகை மழைக்கும் கோடைக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடிக் குறையும். பலகை அகலத்தில் சுருங்கப் பார்க்கிறது. குறுக்கே ஓடும் சட்டம் தன் நீளவாக்கில் சுருங்காமல் நிற்கிறது. இரண்டையும் பசையால் ஒட்டியாகிவிட்டது. யாராவது ஒருவர் உடைந்துதானே ஆக வேண்டும்?

தீர்வு சுலபம். சட்டத்துக்குப் பசையே வேண்டாம். ஒவ்வொரு சட்டத்துக்கும் மூன்றே ஸ்க்ரூ. நடு ஸ்க்ரூவை இறுக்கமாகப் போடுங்கள். இரண்டு ஓரத்திலும் சட்டத்தில் இருக்கும் துளையை வட்டமாக விடாமல், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை போட்டு இடைவெளியை அரத்தால் ராவி நீள்துளை ஆக்குங்கள். துளையின் நீளம் பலகையின் அகலவாக்கில் இருக்க வேண்டும். வாஷர் வைத்து ஸ்க்ரூவை அளவாக முறுக்கினால், பலகை போகவர அதற்கு வழி கிடைத்துவிடும். பழைய மணைகளில் ஸ்க்ரூவே இருக்காது. பலகையின் அடியில் வாய் குறுகி உள்ளே அகன்ற பள்ளம் வெட்டி, சட்டத்தை அதில் பக்கவாட்டில் தட்டிச் செருகியிருப்பார்கள். காரணம் இதேதான்.

சாப்பாட்டு மேசைப் பலகை, கதவு, பெட்டி மூடி எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். பழைய கதவுகளில் நடுப்பலகையை ஆணி அடிக்காமல் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) சும்மா செருகி விட்டிருப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல.

மரம் எங்கே, எப்படி வாங்குவது? கன அடி கணக்கு புரியவில்லையே?

மர வாடியிலோ அறுவை மில்லிலோ வாங்குங்கள். பிளைவுட் கடையில் கட்டை மரம் கிடைத்தாலும் தேர்வு செய்ய இருக்காது.

அறுத்த பலகைக்குக் கணக்கு: நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில், மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. 6 அடி நீளம், 8 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் என்றால் 48ஐ 144ஆல் வகுக்க மூன்றில் ஒரு பங்கு. அப்படி மூன்று பலகை சேர்ந்தால் ஒரு கன அடி.

உருட்டு மரத்துக்குக் கணக்கு வேறு. சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தின் அடியால் பெருக்கி, 144ஆல் வகுப்பார்கள். 40 அங்குலச் சுற்றளவு, 6 அடி நீளம் என்றால் 10 × 10 × 6 ÷ 144, அதாவது 4 கன அடிக்குச் சற்று மேல். இதற்கு ஹாப்பஸ் அளவு என்று பெயர். 1736இல் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் அச்சிட்ட அட்டவணையிலிருந்து வந்தது. உருளையின் உண்மையான கன அளவில் இது 78.5 சதவீதம்தான் காட்டும். பட்டையும் பக்கச் சீவலும் கழிவாகப் போகும் என்பதை முன்பே கழித்துவிடும் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டு வாசல் வேப்பமரம் புயலில் விழுந்து விலை பேச வருகிறவர் டேப்பைச் சுற்றும்போது, அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்திருப்பது நல்லது.

இன்னொன்று: 1 அங்குலம் என்று அறுத்த பலகை இரண்டு பக்கமும் இழைத்த பிறகு ஆறு நூல் நின்றால் பெரிய விஷயம். இழைத்த பிறகு ஒரு அங்குலம் வேண்டுமென்றால் அதைச் சொல்லியே வாங்க வேண்டும்.

மரம் காய்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

கடைக்காரர் “நல்லா காஞ்ச மரம் சார்” என்பார். அது அவர் கடமை.

ஈரம் அளக்கும் மீட்டர் இருந்தால் நல்லது. 12 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் தைரியமாக எடுக்கலாம். மீட்டர் இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். பலகையின் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு துண்டு அறுத்து எடை போட்டு, எடையைத் துண்டின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். நிழலான இடத்தில் வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை எடை. எடை குறைந்துகொண்டே போனால் மரம் இன்னும் ஈரத்தை விடுகிறது. அறுத்த நாளிலிருந்தே இரண்டு மூன்று வாரம் ஒரே எடையில் நின்றால் காய்ந்த மரம்.

பச்சை மரத்தை வீட்டிலேயே காயவைக்க வேண்டுமென்றால், ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. பலகைகளுக்கு நடுவே ஒன்றரை அடிக்கு ஒரு குச்சி வைத்து, எல்லாக் குச்சியும் ஒன்றின்மேல் ஒன்று வரும்படி அடுக்குங்கள். வெயில் படக் கூடாது, காற்று ஓட வேண்டும். பலகையின் இரண்டு முனைகளிலும் பெயின்டோ மெழுகோ கனமாகப் பூசிவிடுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், வெடிப்பும் அங்கேதான் ஆரம்பிக்கும். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் போட்டால் சாயங்காலத்துக்குள் அப்பளம் மாதிரி வளைந்து நிற்கும்.

எந்த வேலைக்கு எந்த மரம்?

தேக்கு எல்லாவற்றுக்கும் நல்லது, விலையைத் தவிர. அசைவு குறைவு, உளிக்கு இணங்கும், உள்ளே முற்றி வைரம் பாய்ந்த பகுதியைக் கறையான் எளிதில் தொடாது. ‘வைரம் பாய்ந்த பகுதி’ என்பதைக் கவனியுங்கள். வெளிப்பக்கத்து வெளிறு, தேக்கே ஆனாலும் பூச்சிக்குச் சாப்பாடுதான். இளமரத்தில் வெளிறுதான் அதிகம் இருக்கும். ஆப்பிரிக்கத் தேக்கு என்ற பெயரில் அங்கே நட்டு வளர்த்த நிஜத் தேக்கும் வரும், இரோகோ போன்ற வேறு ஜாதி மரமும் வரும். விலை குறைவாக இருந்தால் எது என்று கேளுங்கள்.

கற்றுக்கொள்ளும் கைக்குத் தேக்கு வேண்டாம் என்பது என் கட்சி. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால் எடுத்து முடிந்த ரப்பர் மரங்களை மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தி, துண்டுகளை ஒட்டிப் பலகையாக விற்கிறார்கள். வெளிர் நிறம், சீரான இழை, நன்றாகக் காய்ந்தது. மழையில் நனையும் இடத்துக்கு மட்டும் ஆகாது. காப்பித் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக்கும் பழகுவதற்கு மலிவானது.

பூவரசு எனக்குப் பிடித்த மரம். வைரம் சாக்லேட் நிறம், இழைத்தால் பளபளக்கும். ஆனால் நீளமான நேர்ப்பலகை கிடைப்பது குதிரைக்கொம்பு. சின்னப் பெட்டி, கைப்பிடி, கரண்டி வேலைகளுக்கு அருமை. பலா அறுத்தவுடன் எலுமிச்சை மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு வரும். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாதான். வேம்பு கிராமத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அதன் இழை முன்னும் பின்னுமாகப் பின்னிக்கிடப்பதால் எந்தப் பக்கத்திலிருந்து இழைத்தாலும் எங்காவது ஓரிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். இழைப்புளி சவரக்கத்தி மாதிரி இருந்தால் மட்டும் தொடுங்கள். மா மலிவு, வண்டுக்குப் பிரியமானது. வாகைத் தூள் தும்மலை அடக்க விடாது. வேங்கைத் தூள் வியர்வையில் பட்டால் சட்டையில் மஞ்சளாகப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் திட்டு நிச்சயம்.

இடித்த வீட்டுக் கதவு, நிலை, உத்தரம் வாங்கலாமா?

கண்டிப்பாக. என் வீட்டில் இருக்கும் நல்ல சாமான்கள் எல்லாம் பழைய மரத்தில் செய்தவை. அறுபது எழுபது வருடம் காய்ந்த மரத்தை எந்தச் சூளையும் தர முடியாது. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பலில் வந்து இறங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த மரத்தின் சின்ன ஜன்னல் சட்டம் கிடைத்தாலும் விடாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, உள்ளே முறிந்து புதைந்த ஆணி. கனமான காந்தத்தை நூலில் கட்டிப் பலகை மேல் மெதுவாக ஓட்டினால் ஆணி இருக்கும் இடத்தில் இழுக்கும். இழைப்புளி அலகைப் பலி கொடுத்த பிறகுதான் இது எனக்குத் தோன்றியது. இரண்டாவது, பழைய பெயின்ட். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்க விடக் கூடாது. பெயின்ட் ரிமூவர் தடவி, வழித்தெடுத்து, தாளில் மடித்துக் கட்டுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

சரக்குப் பெட்டி மரமும் இப்போது நிறையக் கிடைக்கிறது. அதில் ‘எச்டி’ (HT) என்று முத்திரை இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை காட்டியது, விட்டுவிடுங்கள்.

பிளைவுட்டில் இத்தனை வகை சொல்கிறார்களே?

சமையலறை, குளியலறைப் பக்கம் என்றால் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் அச்சிட்ட மெரைன் வகை. மற்ற இடங்களுக்கு ஐஎஸ் 303. அதிலும் எம்ஆர் என்பது காற்று ஈரத்தைத் தாங்குவது, பிடபிள்யூஆர் என்பது அதைவிடத் தண்ணீரைத் தாங்குவது. ‘வாட்டர் புரூஃப்’ என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. தகட்டில் எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். தகட்டின் நான்கு விளிம்பையும் பார்த்து, விரல் கணுவால் பரவலாகத் தட்டுங்கள். பொத்தென்று சத்தம் மாறும் இடத்தில் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது.

மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பெயின்ட் அடிக்க அழகு, தண்ணீர் பட்டால் இட்லி. மரச் சில்லுகளை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூவை ஒருமுறை கழற்றினால் மறுமுறை பிடிக்காது. இரண்டையும் நான் வாங்குவதில்லை.

புத்தக அலமாரித் தட்டு நடுவில் தொய்ந்துவிட்டது. என்ன செய்ய?

புத்தகம் பார்ப்பதற்குச் சாது, எடையில் அரிசி மூட்டை. 18 மி.மீ. பிளைவுட்டில் தாங்கி இல்லாமல் இரண்டரை அடிக்கு மேல் போகாதீர்கள். தொய்ந்த தட்டுக்குத் தற்காலிக வைத்தியம், அதைத் திருப்பிப் போடுவது. நிரந்தர வைத்தியம், முன்விளிம்பில் ஒன்றரை அங்குல உயரக் கட்டை மரப் பட்டியைச் செங்குத்தாக ஒட்டி ஸ்க்ரூ போடுவது. உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு கூடும் என்பது பொறியியல் பாடம். அதனால்தான் ஒரு சின்னப் பட்டிக்கு இவ்வளவு பலம்.

உளி சரியாக வெட்டவில்லை. மட்டமான உளி வாங்கிவிட்டேனா?

இருக்கலாம். ஆனால் இதுவரை என்னிடம் கொண்டுவந்த உளிகளில் பெரும்பாலானவை மட்டமான உளி அல்ல, தீட்டாத உளி. கடையில் வாங்கும் புது உளிக்குக் கூர் கிடையாது. வடிவம் மட்டும்தான் உண்டு.

நல்ல கல் இல்லையென்றால் ஒரு தடித்த கண்ணாடித் துண்டு, 400, 800, 1500 எண் வாட்டர் பேப்பர், கொஞ்சம் தண்ணீர் போதும். முதலில் உளியின் தட்டையான முதுகு. கூர்ப்பக்கத்து ஒரு அங்குலத்தைக் கண்ணாடி மேல் படுக்கவைத்துத் தேய்த்துக்கொண்டே இருங்கள். கீறல்கள் மறைந்து முகம் தெரிய ஆரம்பிக்கும். ஒரு தடவை செய்தால் அந்த உளியின் ஆயுளுக்கும் போதும். அடுத்து சாய்வுப் பக்கம். 25 பாகை சாய்வில் அது ஏற்கனவே இருக்கும். நீங்கள் இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, 30 பாகையில் நுனியை மட்டும் தேய்க்க வேண்டும். கை ஆடாமல் இருக்க முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு உடம்பை ஆட்டுங்கள்.

போதுமா என்பதை உளியே சொல்லும். முதுகுப் பக்கம் விரலை மெதுவாக வெளிப்புறமாக இழுத்தால் நுனியில் மயிரிழைபோல ஒரு பிசிறு நெருடும். அலகின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அது நெருடினால் நுனி வரை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பெரிய எண் தாளில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி லேசாகத் தேய்த்துப் பிசிறை எடுத்து, பழைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு. இப்போது ஒரு மென்மரத் துண்டின் வெட்டுமுகத்தை, அதாவது இழைக்குக் குறுக்கே அறுத்த முனையை, சீவுங்கள். முகம் மெழுகுபோல வந்தால் கூர். மாவாக உதிர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

மின் சாணையில் பிடிக்கிறவர்கள் அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். நுனி நீலம் பூத்துவிட்டால் எஃகின் பதம் போயிற்று. நீலம் போகும் வரை தேய்த்துத் தள்ளுவதைத் தவிர வழியில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் அன்றைக்காவது எல்லா உளியையும் தீட்டிவிட்டு வையுங்கள். என் ஆசாரி தீட்டாத உளிக்குப் பொட்டு வைக்க விடமாட்டார்.

பசை போதுமா, ஆணி அடிக்க வேண்டுமா, ஸ்க்ரூவா?

பலகையும் பலகையும் விளிம்போடு விளிம்பு சேரும் இடத்தில் பசை மட்டும் போதும். விளிம்புகள் வெளிச்சம் தெரியாமல் பொருந்தினால், ஒட்டிய இடம் மரத்தைவிட வலுவாக நிற்கும். வெட்டுமுகத்தில் பசை நிற்காது; அங்கே ஒரு சட்டத்தில் துளை போட்டு இன்னொன்றின் நாக்கைச் செருக வேண்டும், அல்லது ஸ்க்ரூ. அந்தக் காலத்தில் தோலையும் எலும்பையும் காய்ச்சிய வச்சிரப் பசைதான். சூடாகப் பூசுவார்கள், ஊர் முழுக்க நாறும். ஆனால் பழுது பார்க்க வேண்டுமானால் வெந்நீரில் இளகிக் கொடுக்கும். இன்றைய வெள்ளைப் பசை அந்த உபகாரத்தைச் செய்யாது.

இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூப்பை நீளமாகக் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். நாற்காலிக் கால் மாதிரி கோணல்மாணலான இடங்களுக்கு இதுதான் கிளாம்பைவிட நல்லது. 24 மணி நேரம் தொடாதீர்கள். வழிந்த பசையை அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்; விட்டுவைத்தால் பாலிஷ் போடும்போது அந்த இடம் மட்டும் தேமல் மாதிரி நிற்கும்.

ஸ்க்ரூ போடும்முன் துளை. 8ஆம் எண் ஸ்க்ரூவுக்குக் கடின மரத்தில் 3 மி.மீ., மென்மரத்தில் 2.5 மி.மீ. துளை இல்லாமல் முறுக்கினால் ஒன்று மரம் பிளக்கும், இல்லையென்றால் ஸ்க்ரூவின் தலை முறியும். ஸ்க்ரூ முனையைச் சோப்பில் ஒரு குத்துக் குத்தி எடுத்தால் வெண்ணெயாக இறங்கும். கடலோர ஊர்க்காரர்கள் பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள்.

பாலிஷ் நானே போடலாமா?

போடலாம். பாதி வேலை உப்புத்தாளில் முடிந்துவிடுகிறது. 80, 120, 180, 220 என்று படிப்படியாக, எப்போதும் இழை ஓடும் திசையிலேயே. குறுக்கே ஒரு தேய்ப்புத் தேய்த்தாலும் பாலிஷ் அதைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டும்.

முதல் முயற்சிக்கு அரக்குப் பாலிஷ். அரை லிட்டர் ஸ்பிரிட்டில் 100 கிராம் அரக்குச் செதில் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பஞ்சை வெள்ளைத் துணியில் முடிந்து, தொட்டு, நீளவாக்கில் ஒரே இழுப்பு. சில நிமிடத்தில் காயும். தப்பு செய்தால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். சுடச்சுடக் காப்பி டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். அதனால் சாப்பாட்டு மேசைக்கு அரக்கு வேண்டாம், மெலமைன் பாலிஷோ பியூ (பாலியூரிதேன்) பாலிஷோ போடுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு: துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். காயும்போது அந்த எண்ணெய் சூடு விடும். குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பற்றும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

காய் நறுக்கும் பலகைக்கு என்ன மரம், என்ன பூச்சு?

கறிக்கடைக் கட்டை ஏன் புளிய மரமாக இருக்கிறது என்று பாருங்கள். நெருங்கிய, கெட்டியான இழை. கத்தி விழுந்து விழுந்தும் சிராய் எழும்பாது. வீட்டுக்கு அந்தக் கனம் தேவையில்லை. பூவரசு, ரப்பர் மரம் போதும். வார்னிஷ், பாலிஷ் எதுவும் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினைத் தடவி ஊறவிட்டு, கொஞ்சம் தேன்மெழுகு தேய்த்தால் சரி.

மரத்திலிருந்து மாவு கொட்டுகிறது. கறையானா?

இல்லை, வண்டு. கறையான் மண் பூசிக்கொண்டு வரும். வண்டு ஊசித்துளை போட்டு, சலித்த மைதா மாதிரி தூள் கொட்டும். வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை, பாலிஷ் இல்லாத மரத்தில் இரண்டு மூன்று தடவை ஊற ஊறப் பூசினால் கட்டுப்படும். பாலிஷ் போட்ட மரமானால் துளைகளில் ஊசி மூலம் செலுத்த வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. கறையானுக்கு மரத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. அது வரும் வழியைத் தரையிலும் சுவரிலும் தேடி அடைக்க வேண்டும், ஆளைக் கூப்பிடுங்கள். ஓட்டு வீட்டுக் கைமரங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். வேலை செய்யும், ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும்.

அபார்ட்மென்டில் இருக்கிறேன். இதெல்லாம் முடியுமா?

கைக்கருவியோடு முடியும். ரம்பமும் இழைப்புளியும் போடும் சத்தம் மிக்ஸியைவிடக் குறைவு; சுருளைக் கூட்டி அள்ளிவிடலாம். தூள் பறக்கும் வேலைக்கு என்95 (N95) முகமூடி போடுங்கள். பெரிய பலகைகளைக் கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்குங்கள். அப்படி வாங்கும்போது பிளேடு தின்னும் 3 மி.மீ.யை ஒவ்வொரு அறுப்புக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 8 அடித் தகட்டிலிருந்து சரியாக 2 அடித் துண்டு நான்கு வராது.

கட்டில் புரண்டு படுத்தாலே கிறீச்சிடுகிறது.

இதைத்தான் எல்லோரும் கடைசியாக, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். மெத்தையை எடுத்துவிட்டுக் கட்டிலை ஒவ்வொரு மூலையாக ஆட்டிப் பாருங்கள். தலைமாட்டுப் பக்கம் சத்தம் வந்தால் போல்ட் தளர்ந்திருக்கும். கோடையில் மரம் சுருங்கும்போது தளரும், முறுக்கினால் போதும். நடுவில் வந்தால் குறுக்குப் பலகைகள் சட்டத்தில் உரசுகின்றன. பலகைகளைத் தூக்கி, அவை சட்டத்தில் உட்காரும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள், அல்லது பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்கள். பலகைக்கு ஆணி அடித்திருந்தால் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூ போடுங்கள். ஒரு முனைக்கு ஒன்றே ஒன்று, நடுவில்.